பொகவந்தலாவைக் கல்லறையும் களுத்துறை வெயிலும்

ஹற்றனிலிருந்து நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் பாதை நெடுகத் தேயிலை மலைகள் நம்முடன் வருகின்றன. அங்கே புனித மரியாள் தேவாலய வளவில் ஒரு தம்பதியர் துயில்கின்றனர். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தங்களால் மாணவர் நன்கறிந்தவர். மனைவி ஜூலியா மார்கிரட் கமரன். உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர்.

1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவ்வம்மையார், மகளும் மருமகனும் 1863இல் அன்பளித்த கமராவைக் கொண்டே, 48 வயதில் இக்கலையைத் தொடங்கினார். 1875இல் இங்கிலாந்தை விட்டு இலங்கையிற் குடியேறினார்.

அக்காலத்தில் படமெடுப்பது எளிய காரியமன்று. கண்ணாடித் தட்டிற் கொலோடியனைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படமெடுத்தல் வேண்டும். அத்தட்டு நீலம், ஊதா, புற ஊதாக் கதிர்களையே நன்கு உணரும், சிவப்பை உணர்வதில்லை. ஆதலால் இருட்டறையில் மஞ்சள் விளக்கொளி தீங்கு செய்யாது. ஆனால் மாநிற முகங்களோ கண்ணுக்குத் தோன்றுவதினும் கறுத்தே பதியும். எதிரே அமர்ந்தோர் சில வேளை நிமிடக் கணக்கில் அசையாதிருக்க நேர்ந்தது.

பின்னர், முட்டை வெண்கரு பூசி வெள்ளி உப்பேற்றிய தாளை அத்தட்டின்கீழ் வைத்து வெயிலிற் காட்டுவர். படம் கண்ணெதிரே மெல்லக் கருகித் தோன்றும். எண்ணெய் விளக்கொளியிற் புற ஊதாக் கதிர் மிகக் குறைவு. ஆகவே அது இவ்வேலைக்கு உதவாது. இன்று இம்முறையைப் பயில்வோர் புற ஊதா விளக்குகளையும் கையாளுகின்றனர். அம்மையாருக்கோ ஞாயிறே விளக்கு. இங்கிலாந்தின் மாரிகாலத்தில் நெடுநேரம் காத்திருந்து பெற்ற படத்தைக் களுத்துறை வெயில் விரைவில் அளித்திருக்கும்.

களுத்துறையில் அவர் கிராமத்தவரைப் படமெடுத்தார். ஒரு படத்தில் ஒரு முதியவரும் சிறுமியும் உள்ளனர். சிறுமிக்கு வயது 12 என்றும், அவள் தம் மகள் என்றும் தமக்கு வயது 100 என்றும் முதியவர் கூறினார் என்றும் படத்தின் தலைப்புச் சொல்கிறது. வயதுகள் உண்டு, பெயர்கள் இல்லை.

அம்மையார் 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கிளென்கேர்ன் தோட்டத்தில் மறைந்தார். அவர் பெயர் நிலைத்துவிட்டது. அவர் முன்னே அசையாது அமர்ந்த அம்முதியவரின் பெயர் மறைந்துபோயிற்று. மாநிறம் கறுத்துப் பதிந்தது தட்டின் இயல்பு. பெயரை எழுதாமல் விட்டது மனிதர் குறை.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் பாட்டன் பாட்டியரின் பழைய படங்கள் இருக்கும். அவர்களை அறிந்தோர் உயிருடன் இருக்கும்போதே, பென்சிலால் மெல்ல அப்படங்களின் பின்புறத்திற் பெயர்களை எழுதி வையுங்கள்.