பழைய பென்ஸுக்கு மரை தேடிய கதை

வெள்ளிக்கிழமைகளில் தாமான் வீடுகளிலிருந்து வயதானவர்களைக் கோயிலுக்கு ஏற்றி வரும் சாம்பல் நிற பென்ஸ் ஆறு வாரமாகக் காணோமே, வித்துட்டாங்களா என்று பலரும் கேட்டீர்கள். விற்கவில்லை. என்ன நடந்தது என்று ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். பழைய காடி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும், பொறுமையாகப் படியுங்கள்.

காடி 1989 மாடல் 230இ, '124' என்று சொல்வார்களே அந்த உடம்பு. ஒட்டோ கியர். வாங்கியவர் இப்போது இல்லை. அவர் மனைவி, நமக்கெல்லாம் தெரிந்த அம்மா, பராமரிக்கிறார். அவர் ஓட்டுவதில்லை. வெள்ளிக்கிழமை சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பின் சீட்டில் மூன்று பாட்டிகள். இந்தக் காடி நின்றால் அந்த நால்வரும் வீட்டோடு நின்றுவிடுவார்கள். கிராப்பில் வரலாமே என்று சிலர் சொன்னீர்கள். முழங்கால் வலியோடு இருக்கிறவர்களைக் கைபிடித்து ஏற்றி இறக்க கிராப் ஓட்டுநருக்கு எங்கே நேரம்?

தொல்லை ரேடியேட்டரில் ஆரம்பித்தது. அசல் ரேடியேட்டரின் பக்கத் தொட்டி பிளாஸ்டிக். முப்பத்து சொச்சம் வருட வெயிலிலும் சூட்டிலும் வெடித்துவிட்டது. அம்மாவின் உறவினர் ஒருவர் பக்கத்துக் கடையில் விட்டு, முழு அலுமினியத்தில் புதிதாக ஒன்று செய்து போட்டுக் கொடுத்தார். நல்ல வேலைதான். தண்ணீர் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் வாசலில் சிவப்புச் சொட்டு. மூன்றாம் வாரம் ரிவர்ஸ் போட்டால் காடி இரண்டு மூன்று வினாடி யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பார்த்த போர்மேன் ஒருத்தர், 'கியர்பாக்ஸ் கோன், ஹாஃப்-கட் கடையில் ஒன்று எடுத்துப் போடலாம், 2,800 வெள்ளி, இல்லாட்டி இரும்புக்குப் போட்டுடுங்க' என்றார். அம்மா இரும்புக்கடைக்காரரின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒட்டோ கியரின் சிவப்பு எண்ணெயை, ஏடிஎஃப் என்பார்கள், வெறும் எண்ணெய் என்று நினைக்கக்கூடாது. இன்ஜின் சுற்றுவதைக் கியருக்குக் கடத்துவது அதுதான். உள்ளே கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டைச் சுமந்து வெளியே கொண்டுபோவதும் அதே எண்ணெய். சூடான எண்ணெய் இரும்புக் குழாய் வழியாக ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள் இருக்கும் சின்னக் குளிரூட்டிக்குப் போய், ஆறித் திரும்பும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் தேயும், தேய்ந்தால் கருகும். ரிவர்ஸ் தாமதம் என்றால் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று உடனே அர்த்தமில்லை. எண்ணெய் குறைந்தாலும் அப்படித்தான் ஆகும்.

முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். எங்களுக்கு இருந்த பெரிய பயம் ஏர் பண்டுங். சிரிக்காதீர்கள். குளிரூட்டி உள்ளுக்குள் உடைந்து ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலந்தால், ரோஸ் சிரப்பில் பால் ஊற்றின மாதிரி அதே நிறத்தில் வரும். அப்படி வந்துவிட்டால் கிளட்ச் தட்டின் மேல்பூச்சு ஊறிப் பிரிந்துவிடும், பிறகு கும்பிட்டுவிட வேண்டியதுதான். நல்ல வேளை, சிவப்பாகவே இருந்தது. கருகல் வாசமும் இல்லை. ஆனால் கம்பியின் நுனியில் மட்டும்தான் ஈரம்.

எங்கள் குழுவில் தண்ணீர்க் குழாய் வேலை செய்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் உண்டு. கீழே படுத்துப் பார்த்து, ஒழுகுவது ரேடியேட்டரில் குழாய் சேரும் இடம் என்று கண்டுபிடித்தார். அங்கே குழாயின் முனையில் ஒரு வளையம். நடுவே துளையிட்ட போல்ட், பாஞ்சோ போல்ட் என்பார்கள், வளையத்தின் வழியே ரேடியேட்டருக்குள் திருகும். இரு பக்கமும் செப்பு வாஷர். 'முடுக்கிவிட்டால் போச்சு' என்று ஒரு தம்பி சாவியை எடுத்தான். அண்ணன் தடுத்தார். போல்ட்டைக் கழற்றி, கையாலேயே மறுபடி திருகிக் காட்டினார். ஆடிக்கொண்டே மூன்று சுற்றுப் போனது, பிறகு இறுகியது. 'சரியான மரைன்னா கையாலேயே அடிவரைக்கும் ஆடாம போகணும்' என்றார்.

வெர்னியர் வைத்து அளந்தோம். போல்ட் 16 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு, மரை அளக்கும் தகடு 1.5 காட்டியது. அதாவது எம்16 × 1.5, மெட்ரிக். ரேடியேட்டர் துளைக்குள் 3/8 நேர் மரைப் பித்தளை அடைப்பான் ஒன்றைத் திருகினார் அண்ணன். வெண்ணெயில் கத்தி மாதிரி அடிவரை போனது. கடைக்காரர் கையில் கிடைத்த தண்ணீர்க் குழாய் மரையை, பிஎஸ்பி 3/8, வைத்துப் பற்றவைத்திருக்கிறார்.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். 3/8 அங்குலம் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர்தானே என்று நினைப்போம். குழாய் மரையில் அந்த எண் பழைய காலத்துக் குழாயின் உள்வாய்க்கு வைத்த பெயர். மரையின் வெளி அளவு 16.66 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு 19 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.337 மில்லிமீட்டர். நம் போல்ட்டோ 1.5. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் விலகி, மூன்றாவது சுற்றில் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போய்ச் சிக்கிக்கொள்கிறது. சாவி வைத்து முடுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும், ஆனால் வாஷர் நசுங்கியிருக்காது. இன்னும் பலமாக முடுக்கினால் அலுமினிய மரை அப்படியே உரிந்து வந்துவிடும், ரேடியேட்டரும் போய்விடும்.

'ஒயிட் டேப் நாலு சுத்து சுத்தலாமே' என்று வாசலில் நின்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். முப்பது வருடம் அந்த டேப்பை வைத்தே பிழைத்தவர் நம் அண்ணன். அவரே வேண்டாம் என்றார். ஒன்று, இந்த மாதிரி நேர் மரையில் மரையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டும்தான், ஒழுகாமல் அடைப்பது வாஷர். டேப் அங்கே ஒன்றும் செய்யாது. இரண்டு, பிய்ந்த நூல் எண்ணெயோடு கியர்பாக்ஸுக்குள் போனால் வால்வுகளின் ஊசித்துளைகளில் போய் உட்காரும். தண்ணீர்க் குழாயில் நூல் போனால் வடிகட்டியில் நிற்கும், இங்கே போனால் 2,800 வெள்ளி என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைச்சல். ஹார்ட்வேர் கடைகளில் எல்லாமே பிஎஸ்பி, மெட்ரிக் கிடையாது. உதிரிபாகக் கடைகளில் எல்லாமே மெட்ரிக், பிஎஸ்பி கிடையாது. இரண்டையும் சேர்க்கிற பாகம் நமக்கு வேண்டும். ஒரு தம்பி ஆன்லைனில் 3/8 என்று போட்டிருந்த ஒரு ஜோடியை வாங்கிக் கொடுத்தான். பாக்கெட்டின் பின்னால் சின்ன எழுத்தில் என்பிடி என்று இருந்தது. அது அமெரிக்கக் குழாய் மரை: அங்குலத்துக்கு 18 சுற்று, நுனி கூம்பு. பெயர் ஒன்று, பிறப்பு வேறு. கடைசல் வேலை தெரிந்த இன்னொரு அண்ணன், பாஞ்சோ வளையத்தின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி பிஎஸ்பி போல்ட்டையே போட்டுவிடலாம் என்றார். அரை மணி நேர வேலைதான். ஆனால் அந்த இரும்புக் குழாய் முப்பது வருடம் பழையது, கெட்டால் இன்னொன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. மாற்றுவதாக இருந்தால் புதிதாக வந்த பக்கத்தில் மாற்றுவோம், பழையதில் கை வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

கடைசியில் வழி கிடைத்தது கிள்ளானில், மண்வாரி இயந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கும் கடையில். ஏன் முதலிலேயே தோன்றாமல் போனது என்றால், காடிக்குப் பாகம் என்றால் காடிக் கடை என்றே எல்லோருக்கும் பழக்கம். ஜப்பான் இயந்திரம், ஜெர்மன் இயந்திரம், இங்கிலாந்து இயந்திரம் எல்லாம் ஒரே வாசலுக்கு வருவதால் இந்த மரையை அந்த மரையோடு சேர்ப்பதுதான் அவர்கள் பிழைப்பே. தவுக்கே போல்ட்டை வாங்கிக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, 'எந்த எக்ஸ்கவேட்டர்?' என்று மலாயில் கேட்டார். 'பென்ஸ்' என்றதும் கடையே சிரித்தது. டிராயரைத் திறந்து, ஒரு பக்கம் 3/8 பிஎஸ்பி ஆண் மரை, மறுபக்கம் எம்16 × 1.5 பெண் மரை என்று இரண்டு எடுத்து வைத்தார். கூடவே உலோக வளையத்துக்குள் ரப்பர் ஒட்டின வாஷர் இரண்டு. டௌட்டி வாஷர் என்பார்கள், அதுதான் ரேடியேட்டர் பக்கம் அடைக்கும். எல்லாம் சேர்த்து 50 வெள்ளிகூட ஆகவில்லை. ஒழுகியது கீழ்த்துளை மட்டும்தான், ஆனால் மேல்துளையும் அதே மரை என்பதால் இரண்டிலும் போட்டோம். இதனால் குழாய் இரண்டு விரல் வெளியே தள்ளும். விசிறியில் உரசாமல் இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டோம்.

இனி எண்ணெய். கடையில் போய் 'கியர் எண்ணெய்' என்று மட்டும் கேட்காதீர்கள், மேனுவல் கியருக்கான தடித்த எண்ணெயைக் கொடுத்துவிடுவார்கள். இந்தக் காடிக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப். அடித்தட்டிலும் டார்க் கன்வெர்ட்டரிலும் தனித்தனி வடிகால் போல்ட், இரண்டுக்கும் 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி. கன்வெர்ட்டர் போல்ட் கீழே வரும் வரை இன்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். வடிகட்டியும் மாற்றினோம். டிப்ஸ்டிக் குழாய் ஒல்லி, சாதாரண புனல் நுழையாது. புனலில் மெல்லிய ஹோஸ் மாட்டித்தான் ஊற்ற வேண்டும். இரண்டு வடிகாலையும் திறந்தால் ஐந்தரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே மூச்சில் ஊற்றக்கூடாது. இன்ஜினை அணைத்துவிட்டு 4 லிட்டர். பிறகு இன்ஜினைப் போட்டு, 'பி'யில் வைத்து, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக.

அளவு பார்ப்பது சமதரையில், இன்ஜின் ஓடும்போது, எண்ணெய் 80 டிகிரி சூட்டில் இருக்கும்போது. ஆறியிருக்கும்போது பார்த்தால் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழேதான் காட்டும். பதறி ஊற்றினால் சூடேறியதும் மிஞ்சி, நுரைத்து, அதுவும் கெடுதி. கம்பியில் இருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவே மொத்தமே 0.3 லிட்டர்தான், ஒரு பெரிய கோப்பை தே தாரிக் அளவு. துடைக்கத் துண்டு கொடுத்தார் ஒரு பாட்டி. வாங்கி மடித்து வைத்தோம், பயன்படுத்தவில்லை. நூல் பிரியாத துணியோ தோலோதான் இதற்கு ஆகும்.

இருபது நிமிடம் தாமானைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்து அளந்தோம், இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. ரிவர்ஸ் போட்டவுடன் பிடித்தது. அட்டையைக் கீழே விரித்துவிட்டு இரவு முழுக்க நிறுத்தினோம்; காலையில் அட்டை காய்ந்திருந்தது. அம்மா அந்த அட்டையைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, இரும்புக்கடை நம்பர் எழுதிய காகிதத்தை எங்கள் கையில் கொடுத்து, 'இதை நீங்களே வச்சுக்குங்கப்பா' என்றார்.

பழைய வோல்வோ, பழைய பிஎம்டபிள்யூ வைத்திருக்கும் அண்ணன்மார்கள் சிலர் இதே மாதிரி ஒழுகுது என்று ஏற்கெனவே செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். படம் அனுப்பினால் மரை தெரியாது. கழற்றின போல்ட்டையே ஞாயிறு காலை அன்னதானக் கூடத்துக்குப் பின்னால் கொண்டு வாருங்கள், அளக்கும் தகடும் வெர்னியரும் அங்கே இருக்கும். அந்த என்பிடி ஜோடியும் பிரிக்காத பாக்கெட்டில் அப்படியே இருக்கிறது. அமெரிக்கக் காடி யாராவது வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.