பொடி டப்பா

தீபாவளிக்கு ஊருக்கு வந்த மகளின் பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தவள் என் மனைவி. கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்கு அனுப்பும்போது பருப்புப் பொடியை அமுக்கி அமுக்கி நிறைத்துக் கொடுத்த டப்பா. இப்போது கழுவித் துடைத்துக் காலியாக இருந்தது. "பிள்ளை நல்லாத்தான் சாப்பிட்டிருக்கா" என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, மகள் குளித்துவிட்டு வந்து நின்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காலேஜில் சேரும்போது வாங்கிய மருத்துவச் சான்றிதழில் 52 கிலோ. மறுநாள் தெருமுனை மருந்துக்கடை மெஷினில் நின்றாள்: 47.

அத்தனை நாளும் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போட்டு நான் தவறாமல் கேட்டது, "சாப்பிட்டியாம்மா?" அவள் தவறாமல் சொன்னது, "சாப்பிட்டேன்ப்பா."

நற்றிணையின் 110ஆம் பாட்டை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். போதனார் பாடியது. மணமாகிப் போன மகளைப் பற்றிய பேச்சு. சிறு பிள்ளையாக இருந்தபோது அவளுக்குத் தேன் கலந்த பால் ஊட்ட வேண்டும். நரைத்த தலையோடு செவிலிகள் ஒரு கையில் பொன் கிண்ணமும் மறு கையில் சிறு கோலுமாக நிற்பார்கள். கோலை ஓங்கி, குடி என்பார்கள். அவளோ காலில் முத்துப் பரல் போட்ட சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்கு ஓடுவாள். துரத்தித் துரத்தி அந்தக் கிழவிகளுக்குத்தான் மூச்சு வாங்கும். அந்த விளையாட்டுப் பிள்ளை இன்று புருஷன் வீட்டில் வறுமை வந்ததும் ஒரு வேளை விட்டு ஒரு வேளை சாப்பிடுகிறாள். அப்பன் வீட்டுச் சோற்றை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாள் என்று தாய் வியக்கிறாள்.

பரீட்சையில் கேட்டால் 'தலைவியின் பண்பு' என்று எழுதச் சொல்வேன், ஐந்து மதிப்பெண். இந்தத் தீபாவளிக்குப் பிறகு எனக்குப் படுவது வேறு. வேளை தப்பிச் சாப்பிடுகிறாள் என்று அந்தத் தாய்க்கு எப்படித் தெரிந்தது? மகள் சொல்லியிருக்க மாட்டாள். யாரோ பார்த்தவர்கள் வந்து சொல்லியிருக்க வேண்டும். பாட்டில் அவர்களுக்கு இடமில்லை.

எங்களுக்குச் சொன்னது மகளின் ரூம்மேட். பொடி எப்படி அரைப்பது என்று கேட்க என் மனைவிக்குப் போன் செய்திருந்தாள், தர்மபுரிப் பக்கத்துப் பெண். அந்த ரூமில் நாலு பேர். ராத்திரி மெஸ்ஸில் சோற்றை வாங்கி, பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து நாலு பேரும் சாப்பிடுவார்களாம். டப்பா ஒரே மாதத்தில் காலி. "காலையில நாங்க யாருமே சாப்பிடுறதில்ல ஆன்ட்டி" என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள். மெஸ்ஸில் டிபன் ஏழரைக்குத் தொடங்கி எட்டேகாலுக்கு முடிகிறது. எட்டரைக்கு வகுப்பு. ஒரு தளத்துக்கு நாற்பது பெண்கள், குளியலறை ஐந்து. வரிசையில் நின்று குளித்து இறங்கினால் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அப்புறம் மதியம் ஒரு மணிக்குத்தான் சோறு.

மகள் பொய் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு நான் கேட்டது ராத்திரிச் சாப்பாட்டை. காலையைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அவளாகவும் சொல்லவில்லை, சொன்னால் அம்மா தூங்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். போதனார் பாட்டின் பெண்ணும் இதே காரணத்துக்காகத்தான் வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்று இப்போது நினைக்கிறேன். பசியைப் பொறுப்பதைப் பண்பு என்று இனி என்னால் வகுப்பில் நடத்த முடியாது.

பஸ்ஸில் திரும்பிப் போகும்போது இரண்டு டப்பா பொடி கொடுத்தனுப்பினோம். அது ராத்திரிக்கு. காலைக்கு ஹாஸ்டல் நடத்துகிறவர்கள்தான் மனசு வைக்க வேண்டும். டிபனை அரை மணி முன்னால் தொடங்குங்கள், ஏழு மணிக்கே இட்லி இருக்கட்டும்.