கல்லோடு வந்த விருந்தினர்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் மரைன் பரேட் என்றொரு பகுதி உண்டு. 1970களில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் மீது அடுக்குமாடிகளை எழுப்பி உருவாக்கிய குடியிருப்பு அது. என் தங்கை மகன் அங்கே பதினொன்றாம் மாடியில் குடும்பத்துடன் வாழ்கிறான். ஒரு காலத்தில் அலை புரண்ட இடத்துக்கு நேர் மேலே, தன் வரவேற்பறையில், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியொன்றில் அவன் ஒரு சிறு கடலை வளர்த்து வருகிறான். கடலைத் துரத்திவிட்டு மீண்டும் விலை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த கதை என்று நான் கேலி செய்ததுண்டு.

சென்ற ஆண்டு அவனது இல்லத்தில் மூன்று வாரம் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. கீழக்கரையில் பிறந்து, முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலால் வீட்டில் கால் வைத்ததுமே வழக்கொன்று என் முன் வைக்கப்பட்டது. ஒரே மாதத்தில் மூன்று சிறு மீன்கள் காணாமற் போயிருந்தன. உடலும் இல்லை, முள்ளும் இல்லை. இரவு நேரங்களில் தொட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று விரலைச் சொடுக்குவது போன்ற ஓசை வேறு. ஏழு வயதுப் பேத்தி அந்த அறையில் தனியே உட்கார மறுத்தாள்.

தொட்டியினுள் அழகுக்காக அடுக்கப்பட்டவை போல் தோன்றும் கற்களே இவ்வழக்கின் மையம். ‘உயிர்ப்பாறை’ என்பது அவற்றின் பெயர். நம் கரையோரத்தார் முருகைக்கல் என்பார்களே, அந்தப் பவளப்பாறைத் துண்டுகள்தாம். கல்லுக்கு உயிரில்லை, ஆனால் அதன் நுண்துளைகள்தோறும் உயிர்கள் குடியிருக்கின்றன. மீன்களின் கழிவில் உண்டாகும் அம்மோனியாவைக் கல்லின் மேற்பரப்பிலுள்ள பாக்டீரியாக்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. காற்றுப் புகாத உட்துளைகளில் வாழும் வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. கடலே தன்னைக் கழுவிக்கொள்ளும் முறை இது. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் இவ்வாறு இயற்கைக் கற்களையே துணைக்கொண்டு கடல்மீன் வளர்ப்பது குறித்து 1961ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

பாக்டீரியா வரும்போது மற்றவையும் வரத்தானே செய்யும்! இந்தோனேசியக் கடலில் கிடந்த கல், ஈரத்தாளில் பொதிந்து விமானமேறும்போது, அதன் பொந்துகளில் பதுங்கிய புழுவும் நண்டும் இறாலும் பயணச்சீட்டின்றியே வந்து சேர்கின்றன. இங்கிலாந்தின் நியூகுவே நகர மீன்காட்சியகத்தில் பவளங்கள் வெட்டுண்டு கிடப்பதற்குக் காரணம் புரியாமல் தவித்து, 2009ஆம் ஆண்டில் தொட்டியையே பிரித்துப் பார்த்தபோது சுமார் நான்கடி நீளப் புழுவொன்று அகப்பட்டது. இந்தச் செய்தியை என் மருமகனும் படித்திருந்தான். அதுவே வினையாயிற்று.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை. சமையலறையில் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்‌ஷா அடுப்பின் மேல் இருந்தது. அதனுள் தலையளவு பருமனுள்ள ஒரு கல்.

“என்னப்பா இது?” என்றேன்.

“இந்தக் கல்லில்தான் மாமா முந்தாநாள் சிவப்பாய் ஒரு புழுவைப் பார்த்தேன். கொதிக்க வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் செத்துவிடும்” என்றான்.

குனிந்து பார்த்தேன். கல்லின் ஒரு புறத்தில் பழுப்பு நிறத்தில், சட்டைப் பொத்தான் அளவில், சுருங்கி மூடிய உருவங்கள் கொத்தாய் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுப்பைப் பற்றவைக்க நீண்ட கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்தப் பொத்தான் உயிர்களில் பாலித்தோவா என்றொரு வகை உண்டு. அவற்றுள் சில, பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டவை. ஹவாயில் கிடைத்த இவ்வினத்திலிருந்து 1971ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் அந்நஞ்சைப் பிரித்தெடுத்தனர். கொதிநீரால் அது எளிதில் அழிவதில்லை. மாறாக, ஆவியோடு எழும் நுண்துளிகளில் கலந்து மூச்சுக்குள் போய்விடுகிறது. இருமல், காய்ச்சல், மூச்சுத் திணறல், வாயில் உலோகச் சுவை ஆகியவை அதன் அறிகுறிகள். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2012 முதல் 2014 வரை கடையிலும் வீட்டிலும் இவ்வுயிர்களைக் கையாண்டபோது இவ்வாறு நோயுற்றோரைப் பற்றி அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2015ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. எல்லாப் பொத்தான் உயிர்களும் நஞ்சுள்ளவை அல்ல. ஆனால் கண்ணால் பார்த்து நல்லது எது, கெட்டது எது எனப் பிரிக்க இயலாது. அடுத்த அறையில் எட்டு மாதக் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. மருமகனின் முகம் வெளிறிவிட்டது. அவன் மனைவி ஒரு சொல்லும் பேசாமல் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தாள். கல், கையுறை அணிந்த கைகளால் மீண்டும் தொட்டிக்கே போயிற்று. அந்தத் தேக்‌ஷாவை அவள் பிறகு அடுப்பில் ஏற்றவேயில்லை.

அன்றிரவு முதல் புலன்விசாரணை தொடங்கியது. விளக்குகளை அணைத்து, கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொண்டோம். கடலுயிர்களுள் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பொளி சரியாகப் புலப்படாது. எனவே அஞ்சி ஓடுவதில்லை. பேத்தி முதலில் என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். பத்து நிமிடத்தில் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டாள்.

பகலில் வெறுங்கல்லாய்க் கிடந்தது, இரவில் சந்தைத் தெருவாகியிருந்தது. பொந்தொன்றிலிருந்து பாம்புவால் போன்ற மெல்லிய கைகள் நெளிந்தன. அது நொறுங்கு நட்சத்திர மீன், மண்ணைக் கிளறித் துப்புரவு செய்வது. குற்றம் சாட்டப்பட்ட சிவப்புப் புழுவும் வந்தது. இருபுறமும் வெண்ணிற முள்மயிர். தொட்டால் விரலில் தைத்து எரியும். ஆனால் அது தின்றுகொண்டிருந்தது, மீன் விட்ட மிச்சிலை. தோட்டி வேலை பார்ப்பவனைத் திருடன் என்றிருக்கிறோம்! கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் சிறு கடற்சாமந்திகள் நான்கு இருந்தன. இவை உண்மையிலேயே தொல்லை. கிள்ளியெறிந்தால் விட்டுப்போன துணுக்கெல்லாம் புதிது புதிதாய் முளைக்கும்.

ஓசை எழுப்பியவனையும் கண்டோம். கும்பிடுபூச்சி போல் முன்கைகளை மடித்து வைத்துச் சம்மட்டியாய் அடிக்கும் இறால் ஒன்றுண்டு. அதுவாயிருந்தால் மீன்களுக்கு ஆபத்து. இதுவோ ஒரு கை மட்டும் பருத்த வேட்டிறால். அந்தக் கையை அது படீரென மூடும் வேகத்தில் நீரில் குமிழி தோன்றி உடைகிறது. அவ்வுடைப்பே அந்த ஓசை. இரைக்காகச் சிற்றுயிர்களை அதிரச் செய்யுமேயன்றி, தொட்டி மீன்களை அது வேட்டையாடுவது அரிது.

“அப்பா, அப்படியென்றால் மீனைத் தின்றது யார்?” என்றாள் பேத்தி. பாட்டன் முறையினரை ‘அப்பா’ என்றழைப்பது எங்களூர் வழக்கம்.

எனக்குச் சிறுவயது நினைவு வந்தது. அப்பாத்தீவு, தலையாரித்தீவுப் பக்கமிருந்து வள்ளங்களில் வந்திறங்கும் முருகைக்கற்கள் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும். அவற்றின் பொந்துகளிலிருந்து நண்டுகள் ஓடுவதைப் பிள்ளைகள் துரத்துவோம். எத்தனை உயிர் வெந்திருக்கும் என்று அன்று யாரும் எண்ணியதில்லை. பின்னர், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் இரண்டு நீருக்குள் மூழ்கின. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததே அதற்கு முக்கிய காரணம் என்பர். 2001ஆம் ஆண்டு முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. இன்று அங்கே ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

அந்த நண்டு நினைவே வழி காட்டியது. வழுவழுப்பான கண்ணாடிக் குவளையொன்றில் இறால் துண்டை இட்டு, கற்களின் அடியில் சாய்த்து வைத்தோம். உள்ளே இறங்கும் நண்டுக்கு வழுக்கும் கண்ணாடியில் ஏறி வர முடியாது. இரண்டு இரவுகள் வீணாயின. மூன்றாம் நாள் விடியலில் பேத்தியின் கூச்சல் வீட்டையே எழுப்பியது. குவளைக்குள், உடலெங்கும் மயிர் அடர்ந்து, கொடுக்கு நுனிகள் கரிபடிந்தாற்போல் கறுத்த ஒரு நண்டு. உறங்கும் மீனைப் பிடிக்கும் வகை அதுவே.

கொன்றுவிடலாம் என்றான் மருமகன். கீழே கடலில் விட்டுவிடலாம் என்றாள் அவன் மனைவி. அதற்கு நான் உடன்படவில்லை. எங்கிருந்தோ வந்த உயிரையும் அதனோடு வரும் நோயையும் அயற்கடலில் விடுதல் தகாது. முடிவில் பேத்தியின் பழைய சிறு தொட்டியில் அதற்குத் தனிக்குடித்தனம் அமைந்தது.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் தொலைபேசியில் அவள் அழுதாள். நண்டு செத்துக் கிடக்கிறதாம். சற்று நேரத்தில் மீண்டும் அழைப்பு வந்தது. “அப்பா, செத்தது அங்கேயே கிடக்கிறது; கல்லுக்குப் பின்னால் இன்னொன்று உயிரோடு இருக்கிறது!” சட்டை கழற்றியிருக்கிறது என்றேன். ஓடு கெட்டிப்படும் வரை தொடாதே என்றும் சொன்னேன்.