ஆற்றுக்கு இடம் விடுதல்

எங்கட வீடு வெள்ளவத்தைக் கால்வாயிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. சின்ன வயசில அந்தப் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவதுதான் விளையாட்டு. பெரிய மழை வந்தால் கால்வாய் எங்களைத் தேடி வரும். ஒருமுறை அம்மம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு விடியும்வரை முழித்திருந்தோம். இதுக்கு ஒரே வழி சுவரை உயர்த்துவதுதான் எண்டு கனகாலம் நம்பியிருந்தேன்.

போன வருஷம் சிங்கப்பூரில இருக்கிற அக்கா பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. நடுவில காலாங் ஆறு. கல்லுகளில கால் வைத்து அக்கரைக்குப் போகலாம். திடீரெண்டு மழை இருட்டிக்கொண்டு வந்தது. "மேல வா, தண்ணி ஏறப்போகுது" எண்டா அக்கா. கொஞ்ச நேரத்தில நாங்கள் நடந்த புல்வெளி தண்ணிக்குள்ள. ஒருத்தரும் பதறேல்ல. தண்ணி ஏறுவதற்கென்றே விடப்பட்ட இடம் அது. ஆறு பெருகினால் எச்சரிக்க விளக்கும் சைரனும்கூட வைத்திருக்கிறார்கள்.

முந்தி அது 2.7 கிலோமீற்றர் நீளமான, நேராகப் போன கொங்கிறீற்றுக் கால்வாய். அதை உடைத்து, வளைந்து போகும் 3.2 கிலோமீற்றர் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். வளைவுகள் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கின்றன. கரையைச் செடிகளின் வேரும் கற்களும் பிடித்து வைத்திருக்கின்றன. எந்த முறை தாக்குப்பிடிக்கும் எண்டு 2009இல் 60 மீற்றர் துண்டொன்றில் பத்து முறைகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள். உடைத்த கொங்கிறீற்றில் ஒரு குன்றே கட்டியிருக்கிறார்கள். பிறகு நீர்நாய்களும் வந்து சேர்ந்தன.

எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும்போது ஒரு கேள்வியும் கூடவே வந்தது. அங்கே கால்வாய்க்குப் பக்கத்தில் ஏற்கெனவே பூங்கா இருந்தது. அதனால் ஆற்றை அகலமாக்க முடிந்தது. எங்கட கால்வாய்க் கரையில இருப்பது ஆக்களின்ர வீடுகள். 'ஆற்றுக்கு இடம் விடுவோம்' எண்டு நான் லேசாகச் சொல்லிவிடலாம். அது யாருடைய இடம்?

பூக்கன்றும் நடைபாதையும் வைத்துவிட்டு அதற்குப் புனரமைப்பு எண்டு பெயர் வைப்பதில் எனக்கு இப்ப நம்பிக்கை இல்லை. கொழும்பு 2018இல் ராம்சார் 'ஈரநில நகரம்' எண்ட அங்கீகாரம் பெற்ற ஊர். மழைத்தண்ணியைத் தாங்கி வைத்திருக்கும் சதுப்பு நிலங்கள் இன்னும் மிச்சம் இருக்கு. அவற்றை மண் போட்டு நிரப்பாமல் விடுவதுதான் முதல் வேலை. அதுக்கு ஒருத்தரையும் எழுப்பத் தேவையில்லை.

படங்களை அம்மம்மாவுக்குக் காட்டினேன். ஆற்றையும் நீர்நாயையும் பார்த்துச் சிரிச்சா. சைரனைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து கேட்டா:

"தண்ணி வரமுதலே சொல்லுவினமோ?"