வேட்டியின் மடிப்புகள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நார்த் என்னும் கடைவீதியில், புடவைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே ஒடுங்கி நிற்கும் ஒரு புகைப்பட நிலையத்தின் பின்னறையில், சென்ற மார்கழியில் ஒரு முழுப் பகலைக் கழிக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து இந்நகரில் வந்து குடியேறிய குடும்பங்கள் அலமாரிகளில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் கல்யாண வீடியோ கசெட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருவதே அங்குள்ள இருவரின் ஜீவனோபாயம். ஒருவர் அறுபதைக் கடந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர். மற்றவர் அவரிடம் தொழில் பயிலும் இளைஞர்.

நான் போய் அமர்ந்த வேளையில், திரையில் ஓடிய மணவறைக் காட்சி விளக்கு அணைந்த மண்டபத்தில் நடப்பதுபோல் மங்கிக் கிடந்தது. கணினியிலேயே பிரகாசத்தைக் கூட்டிவிட இளைஞர் முனைந்தார்.

"தம்பி, அதிலை கை வையாதையும், முதல் வயரைப் பாரும்" என்றார் பெரியவர்.

வீடியோ டெக்கிலிருந்து புறப்பட்ட கம்பி ஒரு பிரிப்பானில் இரண்டாகக் கிளைத்து, பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பதிவுக் கருவிக்கும் ஒருசேரச் சென்றது. 75 ஓம் தடை ஒன்றுக்கென்று கணக்கிடப்பட்ட 1 வோல்ட் சமிக்ஞை, அத்தகைய தடைகள் இரண்டை ஏககாலத்தில் சுமக்க நேர்ந்தால் மூன்றில் இரண்டு பங்காகத் தாழ்ந்துவிடும். அந்தத் தாழ்வே இருளாகப் புலப்பட்டது. பிரிப்பானைக் கழற்றிக் கம்பியை நேரே கருவியில் செருகியதும் மணவறையில் வெளிச்சம் பரவிற்று.

அடுத்த கசெட் டொரொன்டோவில் நடந்த கல்யாணத்தினுடையது. அதில் வர்ணம் அறவே இல்லை. அதுவும் நாடாவின் தோஷமன்று. வடஅமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறை 525 வரிகளைக் கொண்டது. 1967 ஜூலை 1 அன்று பி.பி.சி. 2 வர்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது இந்நாடு கைக்கொண்ட பால் முறையோ 625 வரிகளைக் கொண்டு, வர்ண சமிக்ஞையின் ஒரு கூற்றை வரிக்கு வரி தலைகீழாக்கி அனுப்புவது. ஒரு முறைக்கு இசைந்த கருவிக்கு மற்றதன் வர்ணம் விளங்குவதில்லை. கருவியை உரிய முறைக்கு மாற்றியதும் மணப்பெண்ணின் கூறைச்சேலை சிவந்தது.

ஆயினும் அன்று கண்டவற்றுள் என் நெஞ்சில் நிலைத்தது ஒரு மாப்பிள்ளையின் பட்டு வேட்டியே. வீடியோக்காரரின் கடுமையான விளக்கொளி விழுந்த அந்த வேட்டி, மடிப்போ நெசவோ அற்ற வெண்ணிறத் திட்டாகத் தோன்றியது. பக்கத்துத் திரையில் ஒளியின் அளவைக் காட்டும் அலைக்கோடோ உச்சியில் அரிவாளால் சீவியதுபோல் தட்டையாய் நின்றது. எட்டுப் பிட் பதிவில் கறுப்புக்கு 16 என்றும் வெள்ளைக்கு 235 என்றும் எண்கள் விதிக்கப்பட்டுள்ளன. அதற்கு மேல் இருக்கும் சிறு இடத்தையும் கடந்த ஒளியெல்லாம் ஒரே எண்ணாய் வெட்டுண்டு போகிறது. வெட்டுண்டபின் கணினியில் எவ்வளவு குறைத்தாலும் வெள்ளை சாம்பலாகுமேயன்றி மடிப்புகள் மீளா. ஆகவே பெரியவர், டெக்குக்கும் பதிவுக் கருவிக்கும் இடையே வைத்திருந்த சிறு பெட்டியின் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, சமிக்ஞை எண்ணாக மாறுவதற்கு முன்பே அதைத் தணித்தார். அலைக்கோட்டின் உச்சி மெல்லத் தாழ்ந்து, தட்டையான இடத்தில் மேடுபள்ளங்கள் எழுந்தன. திரையில் வேட்டியின் மடிப்புகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. பிழை எங்கே பிறந்ததோ அங்கேயே அதைத் தேடவேண்டும் என்பதை அந்தக் கணத்தில் பிரத்தியட்சமாகக் கண்டேன்.

சில குறைகளுக்குப் பூரண பரிகாரம் இல்லை. வி.எச்.எஸ். நாடா ஒளிக்கு ஒதுக்கும் இடத்தைவிட மிகக் குறுகிய இடத்தையே வர்ணத்துக்கு ஒதுக்குகிறது. அதனால் கூறையின் சிவப்பு விளிம்பைத் தாண்டிச் சற்றே கசிந்து நின்றது. மேலும் நிறம் ஏற்றி அதை மறைக்கலாமே என்றேன்.

"நாடாவிலை இல்லாததை நான் போடுறேல்லை, ஐயா" என்றார் அவர்.

மாலையில், எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினார் என்பதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கசெட்டோடு பெட்டிக்குள் வைத்து மூடினார். நாளை இதைவிடச் சிறந்த கருவியோடு வேறொருவர் வரக்கூடும். அவர் தொடங்கவேண்டியது கோப்பிலிருந்து அல்ல, நாடாவிலிருந்தே என்றார்.