டிஸ்க்கைப் பிரிக்கும் முன்...



அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. வந்தவற்றில் பலவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நம் மேல்மலையனூர்ப் பக்கம் சில வீடுகளில் அவை இன்னும் ஓடுகின்றன. "சார், டிஸ்க்கைப் பிரிச்சுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். பிரிக்கலாம். ஆனால் நேராக டிஸ்க்கில் கை வைக்க வேண்டாம்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு வந்தாள். உள்ளே மறைந்த அப்பாவின் படங்கள். வேறெங்கும் பிரதி இல்லை. முதலில் அவற்றைப் பென்டிரைவில் ஏற்ற வைத்தேன்.

பிறகு லினக்ஸில் 'ட்ரன்கேட்' கட்டளையால் 4 ஜிபி அளவில் வெற்றுக் கோப்பு ஒன்று செய்தோம். இதுதான் போலி டிஸ்க். 4 ஜிபி என்று காட்டினாலும் எழுத எழுதத்தான் இடம் பிடிக்கும். 'லோசெட்டப்' கட்டளை அதை நிஜ டிஸ்க் போல மாட்டிவிடும். கூடவே பெரிய 'பி' குறியும் போடணும், இல்லாவிட்டால் பிரித்த பாகங்கள் தெரியாது. பிரிப்பது 'எஃப்டிஸ்க்'.

நிலத்தில் பாகப்பிரிவினை செய்வது போலத்தான் இதுவும். பத்திரம் மாறும், மண் அப்படியே கிடக்கும். பழைய எம்பிஆர் முறையில் அந்தப் பத்திரம் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள், வெறும் 64 பைட். பாகத்துக்கு 16 பைட், ஆகவே நான்கே முதன்மைப் பாகங்கள். முதல் பாகம் வழக்கமாக 2048-ஆவது செக்டாரில் தொடங்கும். 2048 × 512 = 1048576 பைட், சரியாக ஒரு எம்பி. வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவனுக்கு இதில் ஒரு சந்தோஷம்!

அந்தப் பாகத்தை ஃபார்மட் செய்து, நம்ம ஊர்த் தேர்ப் படம் ஒன்றைப் போட்டோம். கழற்றிவிட்டு, "இப்ப பாகத்தை அழி" என்றேன். தயங்கித்தான் அழித்தாள். அதே தொடக்கம், அதே முடிவு கொடுத்து மறுபடி உருவாக்கினாள். பழைய அடையாளத்தை நீக்கவா என்று எஃப்டிஸ்க் கேட்டதற்கு 'வேண்டாம்' என்றோம். திறந்தால் தேர் இருந்தது! சிரித்துவிட்டாள்.

அடுத்து அதையே ஃபார்மட் செய்யச் சொன்னேன். திறந்தால் காலி.

"இது அப்பா போட்டோவா இருந்தா சார்?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இன்னும் மூன்று முறை தானாகவே செய்து பார்த்தாள்.

நிஜ டிஸ்க்குக்குப் போகும்போது இரண்டு விஷயம். 'லூப்' என்று பெயர் வந்தால் போலி, 'எஸ்டிஏ' என்றால் நிஜம். என்டர் தட்டும் முன் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். இருக்கிற பாகத்தைச் சிறிதாக்குவதானால், உள்ளே இருப்பதை முதலில் சுருக்கணும். வரப்பை மட்டும் நகர்த்தினால் பயிர் அடுத்தவன் நிலத்தில்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள். அமாவாசை அன்று மட்டும் வேண்டாம், ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கவே முடியாது.