பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே சுவர்

பிள்ளைகள் அறைக்கு வால்பேப்பர் வேண்டும் என்று கடையில் கேட்டால், மாதிரிப் புத்தகங்களை மேசை நிறைய அடுக்கிவிடுகிறார்கள். டைனோசர், யூனிகார்ன், விண்வெளி, கோட்டை என எல்லாம் இருக்கின்றன. எங்கள் ஆறு வயது மகள் எதையும் புரட்டவில்லை. “பலூன்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். புத்ராஜெயாவில் 2009-இல் தொடங்கிய வெப்பக் காற்று பலூன் விழாவைப் பற்றிப் பலருக்கும் தெரியும். ஒரு முறை விடியற்காலையில் அவளை அங்கே அழைத்துப் போயிருந்தோம். அன்று முதல் அவளுக்கு அதே நினைப்புதான்.

பலூன் என்பது முடிவாகிவிட்டது. ஆனால் அந்த அறை அவளுடையது மட்டுமல்ல. அப்பா காலமான பிறகு அம்மா எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்தார். பேத்தியோடு ஒரே அறையில் படுத்துக்கொள்வதாக அவரே சொல்லிவிட்டார். எப்படிப்பட்ட படம் வேண்டும் என்று கேட்டால், “எனக்கு என்னம்மா, பிள்ளைக்குப் பிடிச்சத ஒட்டுங்க” என்பார். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இப்படித்தான் பேசுவார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை என்பதற்காக நாமும் ஒன்றும் யோசிக்காமல் விட்டுவிட்டால், சொந்த மகள் வீட்டிலேயே அவர்கள் விருந்தாளியாகிவிடுவார்கள். எனக்கு இருந்த கவலை அதுதான்.

ஆகவே மாதிரிப் புத்தகத்தை வீட்டுக்கு இரவல் வாங்கி வந்து இருவர் முன்னாலும் விரித்து வைத்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். “அழகாத்தான் இருக்கு. ஆனா கூடையில ஆளே இல்லையே?” என்றார்.

அதற்குப் பிறகுதான் நானும் கவனித்தேன். பெரும்பாலான படங்களில் மேகமும் பலூனும் இருக்கின்றன, கூடை மட்டும் காலியாகவே தொங்குகிறது. சில படங்களில்தான் கரடியோ முயலோ கூடையிலிருந்து எட்டிப் பார்க்கிறது. “மிருகமெல்லாம் பலூன்ல போகுமா?” என்று மகள் சிரித்தாள்.

உண்மையில் முதலில் போனவை மிருகங்கள்தாம். பிரான்ஸில் மொங்கோல்பியே சகோதரர்கள் 1783 செப்டம்பர் 19-ஆம் நாள், வெர்சாய் அரண்மனையில் மன்னர் பதினாறாம் லூயியின் முன்னிலையில் ஒரு பலூனைப் பறக்கவிட்டார்கள். அதில் பயணம் செய்தவை ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல். சில நிமிடங்கள் பறந்து மூன்றும் உயிரோடு தரையிறங்கின. மேலே போனால் உயிர் பிழைக்க முடியும் என்று தெரிந்த பிறகே, அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் இரண்டு மனிதர்கள் பாரிஸ் நகரின் மேல் கட்டில்லாமல் பறந்தார்கள்.

இந்தக் கதையில் வால்பேப்பருக்கும் பங்கு உண்டு. மொங்கோல்பியே குடும்பத்தாருக்குக் காகிதம் தயாரிப்பதுதான் தொழில். பாரிஸில் அவர்களோடு சேர்ந்து பலூனைச் செய்த ரெவேயோன் புகழ்பெற்ற வால்பேப்பர் உற்பத்தியாளர். நீல நிறத்தில் பொன்னிற அலங்காரங்களோடு பலூனை அழகுபடுத்தியதும் அவருடைய கைவண்ணமே. சுவரில் ஒட்டும் தாளைச் செய்தவர் வானத்தில் பறந்ததற்கும் வண்ணம் தீட்டியிருக்கிறார். இதைச் சொன்னதும் மகள் ஆடு உள்ள படம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஆடு கிடைக்கவில்லை. முயலும் கரடியும் உள்ள படத்துக்கு ஒருவழியாகச் சமாதானமானாள்.

அடுத்து அவள் கேட்டது, “ஸ்டியரிங் எங்கே?” என்று. பலூனுக்கு ஸ்டியரிங் கிடையாது. அடுப்பை எரித்தால் உள்ளே காற்று சூடாகி, வெளிக்காற்றைவிட லேசாகி, பலூன் மேலே ஏறும். சூடு தணிந்தால் இறங்கும். ஒவ்வோர் உயரத்திலும் காற்று ஒவ்வொரு திசையில் வீசலாம். ஓட்டுபவர் ஏறியும் இறங்கியும் தமக்கு வேண்டிய காற்றைத் தேடிக்கொள்வார். காற்று அமைதியாக இருக்கும் அதிகாலையில் பறப்பதும் அதனால்தான். கேட்டுக்கொண்டிருந்த அம்மா, “நம்ம பொழப்பு மாதிரிதான்னு சொல்லு” என்றார்.

தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர் அம்மா. பலகைச் சுவரின் இடுக்குகளில் குளிர்காற்று வராமலிருக்கப் பழைய ‘தமிழ் நேசன்’ தாள்களைக் கோதுமை மாவுப் பசை காய்ச்சி ஒட்டுவார்களாம். “சுவத்தப் பாத்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டேன்” என்றார். அன்று அவர் அதிகம் பேசினார். பேச்சுவாக்கில் தமக்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார். முருகன் படமும் நாள்காட்டியும் மாட்ட ஓர் இடம், அப்பாவின் படத்துக்கு ஓர் இடம், ராத்திரி விழித்துப் பார்த்தால் கண்ணைக் குத்தாத நிறம்.

நான்கு சுவருக்கும் ஒட்டும் திட்டம் அத்தோடு போயிற்று. ஒரே சுவர், வெளிர் நிறம். மற்ற மூன்றுக்கும் தந்த நிறச் சாயம். ஆணி அடிக்க அந்தச் சுவர்கள் அம்மாவுக்கு.

எந்தச் சுவர் என்பதில் கடைக்காரர் உதவினார். குளியலறையை ஒட்டிய சுவர் வேண்டாம் என்றார். நம் ஊர் ஈரத்தில் அந்தப் பக்கம் கசிவு இருந்தால் தாளுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும். வினைல் தாளை ஈரத்துணியால் துடைக்கலாம், கிரேயான் கிறுக்கலுக்கு நல்லது. ஆனால் ஈரம் உள்ளேயே அடைபடும். நெய்யாத இழைத்தாள் ஓரளவு சுவாசிக்கும். வயதானவரும் குழந்தையும் படுக்கும் அறை என்பதால் இரண்டாவதையே எடுத்தோம்.

கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். எங்கள் சுவர் 10 அடி அகலம், 11 அடி உயரம். சதுர மீட்டர் கணக்கில் 53 சென்டிமீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள சுருள் 2 போதும் என்று வரும். ஆனால் சுவருக்கு 6 பட்டைகள் வேண்டும். ஒரு சுருளில் முழு நீளப் பட்டை இரண்டுதான் வெட்டலாம். ஆக 3 சுருள். மூன்றிலும் ஒரே தொகுப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். எண் மாறினால் நிறமும் சற்று மாறக்கூடுமாம்.

ஒட்டி முடித்தபோது ஒவ்வொரு சுருளிலும் இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சம் இருந்தது. தூக்கி எறியப் போனவர்களை அம்மா தடுத்துவிட்டார். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அடுப்பில் மாவுப் பசை ஆறிக்கொண்டிருந்தது. கூடத்தில் பாட்டியும் பேத்தியும் தரையில் உட்கார்ந்து, முதலாம் ஆண்டுக்கு வாங்கி வைத்த புத்தகங்களுக்கு மேலட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணிதப் புத்தகத்துக்கு முயல், தமிழ்ப் புத்தகத்துக்குக் கரடி.